தன் கருத்தைச் சபையில் திருத்திக்கொண்டவர்: எட்வர்ட் கோக்

1628 மார்ச்சில் இங்கிலாந்து பார்லிமென்ட் கூடியபோது காமன்ஸ் சபை ஒரு கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது. காரணமே சொல்லாமல் ஒரு ஆளை அரசர் சிறையில் வைத்திருக்கலாமா?

கேள்விக்குப் பின்னால் ஒரு வழக்கு இருந்தது. முதலாம் சார்லஸ் போர்ச் செலவுக்காகப் பார்லிமென்ட்டின் ஒப்புதல் இல்லாமலே வசதியுள்ளவர்களிடம் கட்டாயக் கடன் வசூலித்தார். கொடுக்க மறுத்தவர்கள் பலர் உள்ளே போனார்கள். அவர்களில் ஐந்து நைட் பட்டக்காரர்கள் 1627ல் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். சிறை அதிகாரி நீதிமன்றத்துக்குக் கொடுத்த பதிலில் குற்றம் என்று எதுவும் எழுதப்படவில்லை. ‘மன்னரின் தனி உத்தரவின்படி’ என்பது மட்டும் இருந்தது. கிங்ஸ் பெஞ்ச் என்ற உயர் நீதிமன்றத்தின் நீதிபதிகள் அதையே போதுமானதாக எடுத்துக்கொண்டு ஜாமீன் மறுத்துவிட்டார்கள்.

இது செல்லாது என்று சபையில் முன்னின்று வாதாடியவர் 76 வயது எட்வர்ட் கோக். ஒரு காலத்தில் நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். அப்போது அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒரு பழைய தாளை எடுத்தார். 1615ல், இதே கோக் தலைமை நீதிபதியாக இருந்த அதே கிங்ஸ் பெஞ்சில், இதற்கு நேர் எதிரான கருத்து சொல்லப்பட்டிருந்தது. மேலிடத்து உத்தரவின் பேரில் அடைக்கப்பட்டவருக்குக் காரணம் காட்ட வேண்டியதில்லை, ஜாமீனும் கிடையாது என்று அதில் இருந்தது.

கோக் மழுப்பவில்லை. ஆமாம், அப்போது நான் அப்படித்தான் நினைத்தேன் என்றார். 16ஆம் நூற்றாண்டு நீதிபதி ஸ்டான்ஃபோர்டின் சட்ட நூலை வழிகாட்டியாக வைத்திருந்தேன், அந்த வழிகாட்டி என்னை ஏமாற்றிவிட்டது என்றார். பிறகு இந்தச் சபையின் உறுப்பினர்களையே சிறைக்குக் கொண்டுபோனதைப் பார்த்தபோது, தானும் அந்த இடத்துக்கு வெகு தூரத்தில் இல்லாதபோது, புத்தகங்களிடம் திரும்பிப் போனதாகவும், மனம் தெளியும்வரை ஓயவில்லை என்றும் சொன்னார். இப்போது தனக்கு அதைவிட நல்ல வழிகாட்டிகள் கிடைத்திருக்கின்றன, அவை பார்லிமென்ட் சட்டங்கள் என்று முடித்தார்.

கோக்கைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். சுதந்திரத்தின் காவலர் என்பது ஒன்று. பதவி போனதால் அரசரைப் பழிவாங்கியவர் என்பது மற்றொன்று. இந்த ஆய்வு மேலே சொன்ன அந்தப் பதிலை மையமாக வைத்துக்கொள்கிறது. அவர் எதைத் திருத்திக்கொண்டார், எப்போது திருத்திக்கொண்டார், எதை அப்படியே விட்டுவிட்டுப் போனார் என்று பார்த்தால்தான் இந்த மனிதர் பிடிபடுகிறார் என்பது என் எண்ணம்.

அரசரின் குரல்

கோக் பிறந்தது 1552ல், நார்ஃபோக்கின் மைல்ஹாம் கிராமத்தில். அப்பாவும் வழக்கறிஞர், பையனுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்துவிட்டார். நாரிச் நகரப் பள்ளி, கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி, அப்புறம் லண்டனில் இன்னர் டெம்பிள். 1578ல் வழக்கறிஞரானார். 1581ல் ஷெல்லி வழக்கில் வாதாடினார். நிலச் சொத்துரிமை பற்றிய அந்த வழக்கு அவரைப் பெரிய ஆளாக்கியது. அதன் பிறகு ஏறுமுகம்தான். 1592ல் சொலிசிட்டர் ஜெனரல், 1593ல் காமன்ஸ் சபாநாயகர், 1594ல் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல். கடைசிப் பதவிக்கு எஸக்ஸ் பிரபு, கோக்கின் போட்டியாளரான வழக்கறிஞர் பிரான்சிஸ் பேக்கனுக்காக எலிசபெத் ராணியிடம் மன்றாடிப் பார்த்தார், நடக்கவில்லை. முதல் மனைவி இறந்த 1598லேயே பேக்கன் மணக்க விரும்பிய எலிசபெத் ஹாட்டனையும் கோக் மணந்துகொண்டார். கோக், பேக்கன் இருவரின் பகை இருபது வருஷத்துக்கு மேல் நீடித்தது.

அட்டர்னி ஜெனரல் கோக்கைப் படிக்கப் படிக்க எனக்குக் கசப்புதான் வருகிறது. 1603 நவம்பரில் வின்செஸ்டரில் நடந்த, கடலோடி வால்டர் ராலேயின் ராஜத்துரோக விசாரணை அதற்கு உதாரணம். ராலேக்கு எதிரான முக்கிய ஆதாரம் கோபாம் பிரபுவின் எழுத்து வாக்குமூலம். கோபாம் அதைக் கொடுத்தார், பின்வாங்கினார், மறுபடி கொடுத்தார். ராலே கேட்டது ஒன்றுதான்: கோபாமை இங்கே கொண்டுவாருங்கள், என் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும். கோபாம் அதே ஊரில்தான் காவலில் இருந்தார். ஆனாலும் கொண்டுவரவில்லை. வாதத்துக்குப் பதிலாகக் கோக் வசைமாரி பொழிந்தார். விரியன் பாம்பே என்றார், மரியாதையை விட்டு ஒருமையில் துரோகி என்று கத்தினார். ஜூரிகள் கால் மணி நேரத்துக்குள் குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். நிறுத்திவைக்கப்பட்ட அந்த மரண தண்டனையை வைத்துத்தான் 1618ல் ராலேயின் தலையை வெட்டினார்கள்.

1606ல், பார்லிமென்ட்டை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதி வழக்கிலும் அரசுத் தரப்பு அவர்தான். அந்தக் காலத்தில் சித்திரவதையோடு நடந்த விசாரணைகளுக்கு நியமிக்கப்பட்டவர்களில் கோக்கும் ஒருவர். உத்தரவுகளில் அவர் பெயர் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முட்டி போட்டாரா, நிமிர்ந்து நின்றாரா

1606ல், குடிமக்களுக்கிடையிலான வழக்குகளை விசாரிக்கும் காமன் ப்ளீஸ் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானதும் வேறொரு கோக் தெரிகிறார். அப்போது நீதிமன்றங்களுக்குள்ளேயே எல்லைச் சண்டை. திருச்சபை நீதிமன்றங்கள் தங்கள் வரம்பை மீறினால் காமன் லா (வழக்கங்களாலும் தீர்ப்புகளாலும் வளர்ந்த நாட்டின் பொதுச் சட்டம்) நீதிமன்றங்கள் தடையாணை போடும். பேராயர் பான்கிராஃப்ட், எலிசபெத்துக்குப் பிறகு அரசரான முதலாம் ஜேம்ஸிடம் முறையிட்டார். நீதிபதிகள் உங்கள் பிரதிநிதிகள்தானே, நீங்களே எந்த வழக்கையும் எடுத்துத் தீர்ப்புச் சொல்லலாமே என்பது வாதம்.

கோக் எழுதிவைத்த குறிப்பின்படி, அரசர் நேரடியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவர் அரசரிடமே சொன்னார். சட்டம் பகுத்தறிவில்தானே நிற்கிறது, அந்த அறிவு எனக்கும் உண்டே என்று ஜேம்ஸ் கேட்டார். உண்டு, ஆனால் வழக்குகளைத் தீர்க்கப் பிறவி அறிவு போதாது, நீண்ட படிப்பும் அனுபவமும் தரும் அறிவு வேண்டும் என்றார் கோக். அப்படியானால் நான் சட்டத்துக்குக் கீழே இருக்கிறேனா, அப்படிச் சொல்வது துரோகம் என்று அரசர் கோபப்பட்டார். அதற்கு 13ஆம் நூற்றாண்டு நீதிபதி பிராக்டனின் வாக்கியத்தைக் கோக் எடுத்துச் சொன்னார்: அரசர் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவர் அல்ல, ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர்.

சட்ட வகுப்புகளில் சொல்லப்படுவது இந்தக் கதைதான். ஆனால் அதே சம்பவத்தைப் பற்றி அக்காலக் கடிதம் ஒன்று வேறு மாதிரி சொல்கிறது. அரசர் அடிக்கப்போவதுபோல முஷ்டியை ஓங்கினார், கோக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார், நிதியமைச்சர் ராபர்ட் செசில் முழந்தாளிட்டு அரசரைச் சமாதானப்படுத்தினார் என்கிறது. நாளும் பொருந்தவில்லை. கோக் குறிப்பிடுவது 1607 நவம்பர், கடிதங்கள் காட்டுவது 1608 நவம்பர். கோக்கின் குறிப்பு அச்சில் வந்ததோ 1656ல், அவர் இறந்து 22 வருஷம் கழித்து.

நான் இரண்டையும் நம்புகிறேன். அவர் அப்படிப் பேசியிருக்கலாம், பேசிவிட்டு விழுந்தும் இருக்கலாம். அந்தக் காலத்தில் அரசரின் கோபம் என்பது டவர் கோட்டைச் சிறைக்கு வழி. கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்து நடந்தது: விழுந்தவர் தடையாணை போடுவதை நிறுத்தவில்லை. 1610ல் கருத்துக் கேட்டபோது, அரசாணை மூலம் புதிய குற்றத்தை உருவாக்க அரசருக்கு அதிகாரம் இல்லை, நாட்டின் சட்டம் அனுமதிக்கும் அதிகாரம் மட்டுமே அவருக்கு உண்டு என்று மற்ற நீதிபதிகளோடு சேர்ந்து சொன்னார். 2019ல் போரிஸ் ஜான்சன் அரசு பார்லிமென்ட்டை முடக்கியது செல்லாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்த 1610 கருத்தையும் மேற்கோள் காட்டியது.

டாக்டர் போனாம் வழக்கும் அதே 1610ல்தான். உரிமம் இல்லாமல் லண்டனில் வைத்தியம் பார்த்ததற்காக மருத்துவர் கல்லூரி தாமஸ் போனாமுக்கு அபராதம் போட்டுச் சிறையிலும் அடைத்தது. அபராதத்தில் பாதி கல்லூரிக்கே போகும். தன் வழக்கில் தானே நீதிபதியாக யாரும் இருக்க முடியாது என்று சொன்ன கோக், நியாயத்துக்கு எதிரான பார்லிமென்ட் சட்டத்தைக்கூடக் காமன் லா கட்டுப்படுத்தும் என்றார். பின்னாளில் இங்கிலாந்து இதைக் கைவிட்டது, அமெரிக்கக் குடியேற்றங்கள் பிடித்துக்கொண்டன.

ஐந்து பிழைகள்

பேக்கனின் யோசனைப்படி 1613ல் கோக்கைக் கிங்ஸ் பெஞ்சுக்கு மாற்றினார்கள். பெயருக்கு உயர்வு, வருமானத்தில் குறைவு. அரசருக்குப் பக்கத்தில் வைத்தால் அடங்குவார் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு பலிக்கவில்லை. பீச்சாம் என்ற வயதான பாதிரியாரின் வழக்கில் அரசர் நீதிபதிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு முன்கூட்டியே கருத்துக் கேட்க முயன்றார். இந்த வழக்கம் நல்லதல்ல என்று கோக் முனகினார். 1616ல் முறிவு வந்தது. பிஷப் ஒருவருக்கு அரசர் கொடுத்த கூடுதல் வருமானம் பற்றிய வழக்கை, அரசரோடு கலந்து பேசும்வரை நிறுத்திவைக்கச் சொல்லி அட்டர்னி ஜெனரல் பேக்கன் கடிதம் அனுப்பினார். நீதிபதிகள் நிறுத்தவில்லை. எங்கள் பதவிப் பிரமாணம் அதை அனுமதிக்காது என்று கையெழுத்திட்டு எழுதினார்கள்.

ஜூன் 6ஆம் தேதி 12 நீதிபதிகளையும் ஜேம்ஸ் வரவழைத்தார். கடிதத்தை அவர்கள் முன்னாலேயே திட்டித் தீர்த்தார். 12 பேரும் முழந்தாளிட்டார்கள், கோக்கும்தான். இனிமேல் அரசர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்று ஒவ்வொருவரையும் கேட்டபோது 11 பேர் சரி என்றார்கள். அப்படி ஒரு நிலை வரும்போது ஒரு நீதிபதி செய்யத் தகுந்ததைச் செய்வேன் என்றார் கோக். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருடைய மற்ற நாட்களில் பலவற்றை நான் மன்னிக்கத் தயார்.

அதே மாதம் பணியிலிருந்து ஒதுக்கினார்கள். கோடைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து உங்கள் தீர்ப்புத் தொகுப்புகளில் உள்ள தவறுகளைத் திருத்துங்கள் என்று கட்டளை. 1600 தொடங்கி 1615 வரை அவர் வெளியிட்ட 11 பாகங்கள், சுமார் 500 வழக்குகள். வழக்கறிஞர்கள் கையில் எப்போதும் இருந்தவை அவை. எடுத்த பிழைகளோடு அக்டோபரில் கோக் வந்தார். மொத்தம் ஐந்து. அத்தனையும் அற்ப விஷயம். அரசரின் அதிகாரத்தைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. நவம்பரில் பதவியைப் பறித்தார்கள்.

1628ல் சபையில் அவர் கொடுத்த பதிலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அரசர் திருத்தச் சொன்னபோது ஐந்து சில்லறைப் பிழைகளுக்கு மேல் தராதவர், யாரும் கட்டளையிடாதபோது மிகப் பெரிய தவறைத் தானே ஒப்புக்கொண்டார். பதவி வெறியால் மாறினார் என்பவர்களிடம் இதற்குப் பதில் இல்லை.

மகளைக் கொடுத்து வாங்கிய பதவி

அவர்களிடம் இன்னொரு சாட்சியம் இருக்கிறது, அது வலுவானது. 1617ல் அரசரின் செல்லப்பிள்ளையான பக்கிங்ஹாமின் அண்ணன் ஜான் வில்லியர்ஸுக்கு மகள் ஃபிரான்ஸஸை மணமுடித்துக் கொடுத்து அரசவைக்குத் திரும்பலாம் என்று கோக் முடிவு செய்தார். அவளுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும். தாய் எலிசபெத் ஹாட்டன் சம்மதிக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு வீட்டில் ஒளித்துவைத்தார். கோக் மகன்களோடும் ஆயுதம் ஏந்திய ஆட்களோடும் போய்க் கதவை உடைத்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒருவனின் வீடு அவனுக்குக் கோட்டை என்று 1604ஆம் ஆண்டு செமெய்ன் வழக்கின் தொகுப்பில் எழுதியவர் இதே மனிதர். செப்டம்பர் 29ஆம் தேதி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அரசர் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. அரசரின் ஆலோசனைச் சபையான பிரிவி கவுன்சிலில் கோக் மறுபடி உட்கார்ந்தார். ஃபிரான்ஸஸின் வாழ்க்கை சிதைந்தது. கணவனுக்கு மனநலம் குன்றியது. அவள் ராபர்ட் ஹோவர்டோடு வாழப்போய், அதற்காகத் திருச்சபை நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டாள். கோக்கின் வரலாற்றை எழுதும் பலர் இதை ஒரு குடும்பத் தகராறாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு ஆளின் உடம்பை அதிகாரம் விருப்பப்படி பிடித்துக்கொண்டுபோகலாமா என்பதுதானே அவருடைய வாழ்நாள் வழக்கு!

சிறைக்குப் பிறகு

1621ல் லிஸ்கர்ட் தொகுதியிலிருந்து பார்லிமென்ட்டுக்குள் வந்த கோக்குக்கு 69 வயது. ஏகபோக உரிமங்களை வைத்து மக்களைச் சுரண்டிய மொம்பெஸனை வீழ்த்தினார். லஞ்சப் புகாரில், அப்போது லார்ட் சான்ஸலர் என்ற உயர் நீதிப் பதவியில் இருந்த பேக்கன் கவிழ்ந்ததிலும் அவர் பங்கு உண்டு. ஆனால் டிசம்பரில் திசை மாறியது. வெளிநாட்டுக் கொள்கையைச் சபை பேசக் கூடாது என்றார் ஜேம்ஸ். பேசும் சுதந்திரம் எங்கள் பிறப்புரிமை என்று சபை தன் பதிவேட்டில் எழுதியது. அரசர் பதிவேட்டை வரவழைத்து அந்தப் பக்கத்தைத் தன் கையாலேயே கிழித்தார். டிசம்பர் 27ஆம் தேதி கோக் டவரில் அடைக்கப்பட்டார். அவருடைய காகிதங்களும் சோதிக்கப்பட்டன. 1622 ஆகஸ்டில்தான் வெளியே வந்தார்.

ராலேயை எந்தச் சிறைக்கு அனுப்பினாரோ அதே சிறை. அந்த எட்டு மாதங்கள்தான் இந்த வழக்கின் திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். இது என் ஊகம் மட்டும் அல்ல. 1628ல் சபையில் அவரே அதைச் சொல்லாமல் சொல்லிவிட்டார்: நானும் அந்த இடத்துக்கு வெகு தூரத்தில் இல்லாதபோது புத்தகத்திடம் போனேன் என்றார். பட்ட பிறகு படித்தார். பட்டவர்கள் எல்லோரும் மறுபடி படிப்பதில்லை.

1624ல் ஏகபோகங்களுக்கு எதிரான சட்டம் உருவானதில் அவர் கை பெரியது. புதிய கண்டுபிடிப்புக்கு 14 ஆண்டு உரிமம் என்ற விதிவிலக்கு அதில்தான் வந்தது, இன்றைய காப்புரிமைச் சட்டங்களுக்கு அது ஒரு வேர். 1626 பார்லிமென்ட்டில் அவர் உட்காரக் கூடாது என்பதற்காகவே ஜேம்ஸுக்குப் பிறகு அரசரான சார்லஸ் அவரை பக்கிங்ஹாம்ஷையர் ஷெரிஃபாக நியமித்தார், ஷெரிஃப் உறுப்பினராக உட்கார முடியாது. 1628ல் அந்தத் தடை இல்லை.

அந்த ஆண்டின் உரிமை மனு நான்கு விஷயங்களைக் கேட்டது: பார்லிமென்ட் ஒப்புதல் இல்லாமல் வரியோ கடனோ கூடாது, காரணம் சொல்லாமல் சிறை கூடாது, வீடுகளில் படைவீரர்களைத் தங்கவைக்கக் கூடாது, பொதுமக்கள் மேல் ராணுவச் சட்டம் பாயக் கூடாது. புதுச் சட்டமாகக் கொண்டுவந்தால் அரசர் மறுப்பார், ஏற்கெனவே உள்ள உரிமைகளை நினைவுபடுத்தும் மனுவாகக் கொண்டுபோவோம் என்ற வழியைப் பிடித்தவர் கோக். மன்னரின் மேலான அதிகாரத்துக்குப் பங்கமில்லாமல் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது பிரபுக்கள் சபை. சேர்த்தால் மனுவே வெற்றுக் காகிதம் என்று கோக் மறுத்தார். அரசரின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த 1215ஆம் ஆண்டு சாசனமான மாக்னா கார்ட்டா தனக்கு மேல் ஒரு எஜமானை வைத்துக்கொள்ளாது என்றார்.

ஜூன் 2ஆம் தேதி சார்லஸ் கொடுத்த பதில் நழுவலாக இருந்தது. 5ஆம் தேதி, அமைச்சர்களைக் குறை சொல்லிப் பேசக் கூடாது என்ற அரசரின் செய்தியோடு சபாநாயகர் வந்தார். பல உறுப்பினர்கள் அழுதுவிட்டார்கள். பேச எழுந்த கோக்காலும் அழுகையில் பேச முடியவில்லை, உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்து, எல்லோரும் பெயர் சொல்லாமல் சுற்றி வந்ததைச் சொல்லிவிட்டார்: நம் எல்லாத் துன்பத்துக்கும் காரணம் பக்கிங்ஹாம் பிரபு. மகளை யார் வீட்டுக்குக் கொடுத்தாரோ அந்த வீட்டு ஆள்! ஜூன் 7ஆம் தேதி சார்லஸ் முறைப்படி ஒப்புதல் தந்தார்.

ஒப்புதல் தந்த அரசர் அதன்படி நடந்தாரா? இல்லை. மறு ஆண்டே பார்லிமென்ட்டைக் கலைத்துவிட்டு 11 வருஷம் கூட்டாமலே ஆண்டார். கோக் ஸ்டோக் போஜஸ் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதுகிறார் என்பதில் அரசுக்குப் பயம் இருந்தது. 1634 செப்டம்பர் 3ஆம் தேதி அவர் இறந்தார். அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோதே அதிகாரிகள் வந்து காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், உயில் உட்பட. 1641ல், சார்லஸ் மறுபடி கூட்ட நேர்ந்த ‘நீண்ட பார்லிமென்ட்’தான் அவற்றைத் திரும்ப வாங்கி அச்சுக்கு அனுப்பியது. அப்படி வந்தவற்றில், மாக்னா கார்ட்டாவுக்கு அவர் எழுதிய உரை ஒன்று. குற்றச் சட்டம் பற்றிய பாகம் இன்னொன்று. இந்த நாட்டில் சித்திரவதையை அனுமதிக்கும் சட்டமே இல்லை என்று அதில் எழுதியிருக்கிறார். உத்தரவுகளில் தன் பெயர் இருந்ததை அங்கே அவர் சொல்லவில்லை. ஆனாலும் அடுத்தவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு வரியை விட்டுவிட்டுப் போனார்.

மற்றவர்கள் திருத்த வேண்டியிருந்தது

ராலே வழக்கில் செய்ததை அவர் திருத்தவில்லை. சாட்சியை நேருக்கு நேர் நிறுத்த வேண்டும் என்ற உரிமையை அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாவது திருத்தம் எழுத்தில் வைத்தது. 2004ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை விளக்கியபோது ராலேயின் விசாரணையைத்தான் விரிவாகச் சொன்னது.

நம் பக்கத்தைத் தொடும் ஒன்றும் உண்டு. 1608ல் கால்வின் வழக்கு. ஸ்காட்லாந்தில் பிறந்த குழந்தை இங்கிலாந்தில் நிலம் வைத்திருக்கலாமா என்பதுதான் அதில் கேள்வி. அதன் தொகுப்பில் கோக் தேவையே இல்லாமல் ஒன்றை எழுதிச் சேர்த்தார்: கிறிஸ்தவர் அல்லாதவர்கள் நிரந்தரப் பகைவர்கள், அவர்கள் நாட்டைக் கிறிஸ்தவ அரசர் வென்றால் அவர்களுடைய சட்டங்கள் அந்தக் கணமே ஒழிந்துவிடும். அரசரையே சட்டத்துக்குக் கீழே வைத்தவர், உலகத்தின் பெரும் பகுதியைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினார். 1680களில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகத்தைக் காக்க சாண்டிஸ் என்ற வணிகர் மேல் வழக்குப் போட்டபோது, கம்பெனித் தரப்பு இதே கருத்தைத்தான் தூக்கிப் பிடித்தது: பகைவர்களோடு வணிகம் செய்ய அரசரின் அனுமதி வேண்டும், அது எங்களிடம்தான் இருக்கிறது. நீதிபதி ஜெஃப்ரீஸ் கம்பெனிக்குத் தீர்ப்புக் கொடுத்தார். கம்பெனி அப்போது சென்னையில் ஜார்ஜ் கோட்டை கட்டி நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

கிறிஸ்தவர் அல்லாதவர் சாட்சி சொல்லவே தகுதியற்றவர் என்றும் கோக் எழுதியிருந்தார். 1744ல் கல்கத்தா வணிகர் ஒமிச்சந்தின் வழக்கு லண்டனில் வந்தபோது இது எதிர்த்தரப்பின் ஆயுதமாயிற்று. இந்துக்கள் தங்கள் வழக்கப்படி சத்தியம் செய்து கொடுத்த சாட்சியத்தை ஏற்கலாமா? ஏற்கலாம் என்றது நீதிமன்றம். எவ்வளவு பெரிய மனிதர் சொல்லியிருந்தாலும் இந்தக் கருத்து மதத்துக்கும் பொது அறிவுக்கும் மனிதத் தன்மைக்கும் விரோதமானது என்றார் நீதிபதி வில்ஸ். 1774ல் கிரெனடா தீவு பற்றிய வழக்கில் மான்ஸ்ஃபீல்ட் பிரபு, கால்வின் வழக்கின் அந்த வரியை அபத்தம் என்றும், சிலுவைப் போர்க் காலத்துப் பைத்தியத்தின் மிச்சம் என்றும் சொல்லி, வென்ற நாட்டில் பழைய சட்டங்கள் மாற்றப்படும்வரை நடப்பில் இருக்கும் என்று தீர்ப்பளித்தார்.